மடிக்கணினியின் வரைவியல் அட்டை வழுக்களை இனங்காணல்

மாணவர்களே, வன்பொருள் பற்றியும் பணிசெயல் முறைமை பற்றியும் தனித்தனியே கற்றுள்ளீர்கள். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஏற்படும் ஒரு பழுதை இப்பாடத்தில் நோக்குவோம்.

மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை திடீரெனக் கறுக்கின்றது. அல்லது வண்ணக் கோடுகள் தோன்றுகின்றன. அல்லது நீலத் திரை வந்து கணினி தானாகவே மீள இயங்குகின்றது. உடனே "காட் போய்விட்டது" என்று முடிவு கட்டுவோர் பலர். ஆனால் பழுது செலுத்தி மென்பொருளிலோ தூசி அடைத்த விசிறியிலோ இருக்கலாம். காரணம் அறியாமல் தாய்ப்பலகையை மாற்றினால் வீட்டாருக்குப் பெருஞ்செலவு. காரணம் அறியாமல் வன்தட்டை ஃபோமட் செய்தால் உங்கள் குறிப்புகளும் செயற்றிட்டங்களும் அழிந்துவிடும். ஆகவே ஒழுங்குமுறையாகச் சோதிக்கப் பழகுவது அவசியம்.

1. வரைவியல் அட்டையின் தொழில்

திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்தையும் கணித்து உருவாக்குவது வரைவியல் செயலியாகும். இது மடிக்கணினிகளில் இரு வகையாக அமையும்.

(அ) ஒருங்கிணைந்த வகை: மத்திய செயலியுடன் ஒரே சில்லில் அல்லது தாய்ப்பலகையின் சில்லுத் தொகுதியில் அமைந்திருக்கும். பிரதான நினைவகத்தின் ஒரு பகுதியைப் பயன்படுத்தும். எனவே நினைவகப் பழுதும் திரையில் வழுவாகத் தோன்றலாம்.

(ஆ) தனியான வகை: தனக்கெனச் செயலியும் நினைவகமும் கொண்டது. விளையாட்டு, முப்பரிமாண வேலைகளுக்கு ஏற்றது. வெப்பமும் அதிகம்.

மேசைக் கணினியில் அட்டையைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். மடிக்கணினியிலோ அது பெரும்பாலும் தாய்ப்பலகையில் ஈயப்பற்று வைக்கப்பட்டிருக்கும். அதனாலேயே இங்கு சரியான இனங்காணல் முக்கியமாகின்றது.

2. செலுத்தியும் 2 செக்கன் விதியும்

பணிசெயல் முறைமை வரைவியல் அட்டையுடன் பேசுவதற்கு உதவும் மென்பொருளே செலுத்தி (டிரைவர்) ஆகும். 2007 இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா முதல் ஒரு காவல் ஏற்பாடு உள்ளது. கொடுத்த வேலைக்கு வரைவியல் செயலி வழமையாக 2 செக்கனுக்குள் பதிலளிக்காவிடின், விண்டோஸ் அதனை மீளத் தொடக்கிவைக்கும். அப்போது திரை ஒரு கணம் கறுத்து மீளும். "செலுத்தி பதிலளிப்பதை நிறுத்தி மீண்டுள்ளது" என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் செய்தி தோன்றலாம். மீளத் தொடக்கும் முயற்சியும் தோற்றால் நீலத் திரை வரும். இச்செய்தி பதிலளிப்புத் தடைப்பட்டதை மாத்திரமே கூறுகின்றது. காரணத்தைக் கூறவில்லை என்பதை நினைவிற் கொள்க.

3. அறிகுறியும் சாத்தியமான காரணமும்

• கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் தொடங்கு முன்னரே கோடுகள் தெரிதல் – வன்பொருள் (திரை, அதன் கேபிள் அல்லது வரைவியல் செயலி).
• விண்டோஸ் தொடங்கிய பின்னரே குழம்புதல் – பெரும்பாலும் செலுத்தி.
• விளையாட்டு அல்லது வீடியோ ஆரம்பித்துச் சில நிமிடங்களின் பின் நிற்றல், விசிறி இரைதல் – அதிவெப்பம்.
• திரையை முன்பின் அசைக்கும்போது படம் மாறுதல் – திரைக் கேபிள்.
• டிவைஸ் மனேஜரில் குறியீடு 43 – சாதனம் தன்னிடம் பிரச்சினை உள்ளதாக அறிவித்தமையால் விண்டோஸ் அதை நிறுத்தியுள்ளது. செலுத்தியோ வன்பொருளோ காரணமாகலாம்.

4. சோதிக்கும் படிமுறை

செலவில்லாத சோதனையை முதலிலும் செலவுள்ளதை இறுதியிலும் செய்க. ஒரு தடவையில் ஒரு மாற்றம் மாத்திரமே செய்க. இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பயன் தந்தது என அறிய முடியாது.

படி 1: தேவையான கோப்புகளைப் பென் ட்ரைவில் பிரதி செய்க. வரைவியல் அட்டை பழுதடைவதால் வன்தட்டிலுள்ள தரவுகள் அழிவதில்லை. உள்திரை தெரியாவிடின் வெளி மொனிட்டரை இணைத்துப் பிரதி செய்ய முயல்க.

படி 2: வெளி மொனிட்டரில் படத்தைப் பார்க்க. அதில் தெளிவாகவும் உள்திரையில் குழம்பியும் இருந்தால் பழுது திரையில் அல்லது கேபிளில். இரண்டிலும் குழம்பினால் அட்டை அல்லது செலுத்தி.

படி 3: சேஃப் மோடில் இயக்குக. விண்டோஸ் 7 வரை தொடங்கும்போது எஃப் 8 விசையை அழுத்தலாம். விண்டோஸ் 10, 11 இல் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் தெரிவுசெய்து, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை சென்று 4 ஐ அழுத்துக. இங்கு அடிப்படைச் செலுத்தியே இயங்கும். வழு மறைந்தால் சந்தேகம் செலுத்தியின் மீது வலுக்கின்றது.

படி 4: அண்மையில் செலுத்தி புதுப்பிக்கப்பட்ட பின்னர் வழு ஆரம்பித்திருந்தால், டிவைஸ் மனேஜரில் "ரோல் பேக் டிரைவர்" மூலம் பழையதற்குத் திரும்புக. இல்லையேல் மடிக்கணினி உற்பத்தியாளரின் தளத்தில் அதே மாதிரிக்குரிய செலுத்தியைப் பெற்று நிறுவுக.

படி 5: வெப்பத்தைக் கவனிக்க. மெத்தை, தலையணை மீது வைத்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும். மின்னை நிறுத்தித் துளைகளிலுள்ள தூசியை மென்மையான தூரிகையால் அகற்றி, கடினமான மேசையில் வைத்துப் பார்க்க.

படி 6: விண்டோஸிலுள்ள நினைவகச் சோதனையை இயக்குக.

படி 7: இரு வரைவியல் செயலிகள் இருப்பின், தனியானதை டிவைஸ் மனேஜரில் செயலிழக்கச் செய்க. அதன் பின் கணினி நிலையாக இயங்கினால் பழுது அத்தனியான அட்டையில் அல்லது அதன் செலுத்தியில் உள்ளது.

5. ஓர் உண்மை நிகழ்வு

2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது சில மடிக்கணினி வரைவியல் சில்லுகள் வழமைக்கு மாறாகப் பழுதடைவதாக அறிவித்து, திருத்தச் செலவுகளுக்கென 150 முதல் 200 மில்லியன் டொலர் ஒதுக்குவதாகக் கூறியது. சில்லின் பொதியிடலிற் பயன்பட்ட பொருள்களின் பலவீனமே பிரதான காரணம். சில்லு சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கும். வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் நுண்ணிய ஈயப்பற்றுகளில் தகைப்பு ஏற்பட்டு வெடிப்பு உண்டாகும். விஞ்ஞானத்தில் கற்ற திண்ம விரிவே இங்கும் தொழிற்படுகின்றது.

சில்லை மீளச் சூடாக்கித் திருத்துவோர் உளர். அவ்வாறு கிடைக்கும் பயன் பெரும்பாலும் தற்காலிகமானது. வீட்டுச் சூளையில் தாய்ப்பலகையை வைப்பது ஆபத்தானது, ஒருபோதும் முயலாதீர்கள்.

6. மாதிரி வினா

ஒரு மாணவியின் மடிக்கணினியில், இயக்கியவுடன் தோன்றும் உற்பத்தியாளர் இலச்சினையிலேயே கோடுகள் தெரிகின்றன. வெளி மொனிட்டரிலும் அதே கோடுகள். திருத்துநர் வன்தட்டை ஃபோமட் செய்யுமாறு கூறுகின்றார்.

(i) பழுது பெரும்பாலும் எப்பகுதியில் உள்ளது?
(ii) ஃபோமட் செய்வது பயன் தருமா? காரணம் தருக.

விடை:
(i) வரைவியல் செயலியில் அல்லது அது சார்ந்த தாய்ப்பலகைப் பகுதியில். இரு திரைகளிலும் ஒரே குழப்பம் தெரிவதால் உள்திரையும் கேபிளும் காரணமல்ல.
(ii) பயன் தராது. பணிசெயல் முறைமை ஏற்றப்படு முன்னரே வழு தோன்றுகின்றது. ஆகவே வன்தட்டிலுள்ள மென்பொருள் காரணமல்ல. ஃபோமட் செய்தால் தரவுகளே இழக்கப்படும்.

குறிப்பு: "காரணம் தருக" என்ற வினாவுக்கு "பயன் தராது" என்று மாத்திரம் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. அவதானிப்பு, அதிலிருந்து பெறும் முடிவு ஆகிய இரண்டையும் எழுதுக.

பயிற்சி: விளையாட்டின்போது மாத்திரம் 10 நிமிடங்களில் நின்றுவிடும் ஒரு மடிக்கணினியைச் சோதிப்பதற்கான முதல் மூன்று படிகளைக் காரணத்துடன் ஒழுங்குபடுத்தி எழுதுக.