பிரம்படியும் பட்டப்பெயரும்

நல்லவாட்டில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது படிக்கிற ஒரு பையன் 'ஐலண்ட்' என்ற சொல்லை 'இஸ்லேண்ட்' என்று படித்தான். "நீ கடலுக்குப் போகத்தான்டா லாயக்கு" என்றேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அப்புறம் நாலு நாள் ஆளைக் காணோம்.

யாரையும் அடிச்சதே இல்லன்னு பெருமை பேசுறவன் நான். அதனால சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒரே வரியில் தடை செய்கிறது. மனத் துன்புறுத்தல்னா எதுன்னு தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் விளக்குகிறது: நக்கலடிப்பது, அவமானமான பட்டப்பெயர் வைப்பது, பெற்றோரின் தொழிலையோ சாதியையோ சொல்லிக் கேலி செய்வது. 'வெட்கப்பட்டாவது படிக்கட்டும்' என்று அவமானப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கு. 'பெற்றோரின் தொழில்' என்ற இடத்தில் நின்னுட்டேன். அவன் அப்பா கடலுக்குத்தான் போறார்.

அடிக்கிறது பரவால்லன்னு நான் சொல்ல வரல. ரெண்டும் வேலை செய்யுற விதம் வேற. பிரம்படி வாங்கினவன் கையைப் பக்கத்து பெஞ்ச் பையன் தேய்ச்சு விடுவான். தழும்பு இருந்தா வீட்டுல கேப்பாங்க. கிண்டலில் அந்தப் பக்கத்து பெஞ்சும் சிரிக்கிற கூட்டத்தோட சேர்ந்துடும். வீட்டுல காட்ட ஒரு அடையாளமும் இருக்காது. 'அண்ணன் என்னைப் பாத்து சிரிச்சாரு'ன்னு போய் யார்கிட்ட புகார் கொடுக்க முடியும்?

2003-ல் நவோமி ஐசன்பெர்கரும் குழுவினரும் அமெரிக்காவில் ஒரு சோதனை செஞ்சாங்க. கம்ப்யூட்டரில் மூணு பேர் பந்து போட்டு விளையாடுற கேம். பாதியில் ஒருத்தருக்கு மட்டும் பந்து வராது. அந்த நேரத்தில் மூளையை ஸ்கேன் பண்ணினப்போ, உடம்பு வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி தூண்டப்பட்டிருந்தது. கலந்துகிட்டவங்க 13 பேர்தான், அதுவும் பெரியவங்க. நம்ம வகுப்பறைக்கு அப்படியே பொருத்திட முடியாது. ஆனா 'சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்'னு சொல்றதுக்கு முன்னாடி யோசிக்க வைக்குது.

அஞ்சாவது நாள் வந்தான். எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும்தான் திருத்தணும்னு, வகுப்பிலேயே மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். சத்தமா படிக்கச் சொன்னா மட்டும் தொண்டை கட்டியிருக்குங்கறான். பீச்சுல கிரிக்கெட் ஆடுறப்போ பசங்க இன்னும் "இஸ்லேண்டு, பந்தைப் போடுறா"ன்னுதான் கூப்பிடுறாங்க.