கணக்கில் முளைக்கும் காடு

அன்புள்ள கண்ணா,

"அரசு காட்டுக்குக் காசே ஒதுக்குவதில்லை, அதனால்தான் காடு அழிகிறது" என்று பொரிந்து தள்ளியிருந்தாய். கோபம் சரிதான், காரணம்தான் தப்பு. 2019 ஆகஸ்டில் காடு வளர்ப்புக்கென்று மத்திய அரசு 27 மாநிலங்களுக்கு மாற்றிய தொகை 47,436 கோடி ரூபாய். முழிக்காதே, அந்தப் பணம் வந்த வழியைக் கேள்.

சுரங்கத்துக்கோ அணைக்கோ காட்டு நிலத்தை எடுப்பவர் ஈடு கட்ட வேண்டும். வேறோர் இடத்தில் மரம் வளர்க்கும் செலவையும், அழியும் காட்டின் மதிப்புக்கு ஒரு தொகையையும் தர வேண்டும். நம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனாரே, அந்த வழக்கில்தான் 2002-ல் இதற்கெனத் தனி நிதி வைக்கச் சொன்னார்கள். அதற்கான சட்டம் வர 2016 ஆயிற்று. அதுவரை பெரும்பணம் வங்கியில் கிடந்தது. ஆக, இந்த நிதி பெருகப் பெருக, எங்கோ காடு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். தொகையைப் பார்த்துக் கைதட்டிவிடாதே.

"அதான் வேறு இடத்தில் நடுகிறார்களே பெரியம்மா" என்பாய். அங்கேதான் நீ சறுக்குவாய். கிரேட் நிகோபார் தீவில் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்க 2022-ல் ஒப்புதல் தந்தபோது, ஈடாக மரம் வளர்க்கக் காட்டிய இடம் அரியானா! அந்தத் தீவின் நீள்வால் குரங்கு எந்தக் கப்பலேறி அங்கே போகும், சொல்?

நட்டதெல்லாம் காடாகாது கண்ணா. நீலகிரியின் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்துச் சீகையும் தைலமரமும் நட்டார்கள். சோலைக்கு நீர் சேமித்துத் தந்ததே அந்தப் புல்தான். இன்று அதே சீகையைப் பிடுங்க அரசு செலவழிக்கிறது. மற்ற இடங்களில் என்ன நடக்கிறது? கறுப்புப் பையைக் கிழித்துக் கன்றைக் குழியில் வைக்கும் நாளில் படம் எடுக்கிறார்கள். அடுத்த சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றவும் ஆடு மேயாமல் பார்க்கவும் ஆள் இருக்கிறதா என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஏட்டிலோ நட்ட எண்ணிக்கை மட்டும் நிற்கும். நடுவதற்கு நிலமாவது வந்ததா என்றால், 2006 முதல் 2012 வரை ஈடாக வர வேண்டிய நிலத்தில் கால்வாசி அளவுக்குத்தான் கைக்கு வந்தது என்று தலைமைத் தணிக்கையாளரே 2013-ல் எழுதிவைத்திருக்கிறார்.

"அப்படியானால் பணமே வேண்டாமா?" என்று எதிர் எல்லைக்குத் தாவாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். பணம் வேண்டும். நிற்கிற காட்டைக் காக்க வேண்டும், இரவில் தீத்தடுப்புக் கோட்டில் நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலருக்கு மாதாமாதம் சம்பளம் போய்ச்சேர வேண்டும்.

முகநூலில் புலம்புவதை விடு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடு. ஈட்டு நிதியில் எந்த இடத்தில், என்ன இனம், எத்தனை கன்று நட்டீர்கள், மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா