49-வது நாள்



"மாலை போட்டா 48 நாளும் தொட மாட்டான். கழட்டுன அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடுவான்." இப்படி ஒருத்தர் உங்க தெருவிலும் இருப்பார். எங்க வீட்டில் அது நான்தான்.

மூணு வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன். மூணு வருஷமும் ஊர் திரும்பின அன்னைக்கே குடிச்சேன். "முருகா, நீயும் என்னைக் கைவிட்டுட்டியே"ன்னு அவன் மேலயே கோபப்பட்டேன். இன்னைக்கு குடியை விட்டு 14 மாசம் ஆகுது. எங்கே தப்பு பண்ணேன்னு இப்போதான் புரியுது. அந்த 48 நாளை ஜெயில் தண்டனை மாதிரி எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். 49-வது நாளுக்கு என்கிட்ட எந்தத் திட்டமும் இல்லை.

கோபுரத்துக்கு அப்புறம்

அருணகிரிநாதர் கதை நமக்குத் தெரியும். தவறான வழியில் போய் எல்லாவற்றையும் இழந்தவர், திருவண்ணாமலை கோபுரத்திலிருந்து குதித்தார். முருகன் தாங்கிக்கொண்டான். இதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நாம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிடுகிறோம்.

ஆனால் தாங்கினது ஒரு நொடி. அதுக்கப்புறம் அவர் வாழ்ந்தது ஒரு வாழ்க்கை. வயலூர், பழனி, திருச்செந்தூர், திருத்தணி, சுவாமிமலை என்று ஊர் ஊராகப் பாடினார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் திருப்புகழ் பாடல்களே 1,300-க்கு மேல். அவற்றில் பலவற்றைக் கவனிச்சுப் பாருங்க. முன்பாதியில் பழைய மயக்கத்தைச் சொல்வார், பின்பாதியில் "என்னைக் காப்பாற்று" என்று கேட்பார். முருகனே கையில் ஏந்தின ஒருத்தர், அதே வேண்டுதலை ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வைக்கிறார்! அப்படின்னா நாம தினமும் கேட்பதில் என்ன வெட்கம்?

முதலில் டாக்டர்

இதை பக்தியோடு போட்டுக் குழப்பிக்காதீங்க. தினமும் அதிகமாகக் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மாலை போடுவதற்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. கொடுத்த மாத்திரையை விரதம்னு சொல்லி நிறுத்தாதீங்க. அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டும் இலவசம். போன் பண்றதும் ஒரு சரணாகதிதான்.

என்னைத் தாங்கும் மூன்று பழக்கங்கள்

1. இன்னைக்கு மட்டும். "இனி வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன்" என்று நான் சத்தியம் செய்வதில்லை. காலையில் விபூதி பூசும்போது, "முருகா, இன்னைக்கு ஒரு நாள்" என்று மட்டும் சொல்வேன். படி ஏறும்போது அடுத்த படியைத்தானே பார்க்கிறோம்?

2. அரை மணி நேரம். குடிக்கணும்னு வரும் வெறி அலை மாதிரி ஏறும், பிறகு இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் தணியும். அந்த நேரத்தில் தனியாக இருக்க மாட்டேன். தண்ணீர் குடிப்பேன், ஏதாவது சாப்பிடுவேன், நண்பருக்கு போன் செய்வேன், கந்த சஷ்டி கவசம் சொல்வேன். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலும் வெறியைத் தூண்டும். அதனால் இப்போ நான் பட்டினி விரதம் இருப்பதில்லை. பாலும் பழமும் எடுத்துக்கிறேன்.

3. ராத்திரி மூணு நன்றி. ஒரு பழைய நோட்டில் எழுதுவேன். பெரிய அற்புதம் எதுவும் அதில் இருக்காது. போன செவ்வாய்க்கிழமை எழுதியது இது:

"காலையில் காபி டம்ளரைப் பிடிச்சப்போ கை நடுங்கலை.
சம்பளத்தில் 500 ரூபாய் மிச்சம் இருக்கு.
அம்மா ஒன்பது மணிக்கே தூங்கிட்டாங்க."

மூணாவது வரியை எழுதினப்போ அழுதுட்டேன். பல வருஷமா நான் எந்த நிலையில் வந்து சேருவேனோன்னு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தவங்க அவங்க. நன்றி சொல்லச் சொல்ல, இழக்கக்கூடாதது என்னிடம் எவ்வளவு இருக்குன்னு தெரியுது. அடுத்த நாள் டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்த்து சுத்திப் போக அந்தத் தெம்பு போதுது.

வழுக்கினால்?

இந்த 14 மாசத்துக்கு முன்னாடி, 70 நாள் தாக்குப்பிடிச்சு ஒருநாள் குடிச்சுட்டேன். "எல்லாம் போச்சு, இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போறது?" என்ற நினைப்புதான் என்னை மறுபடி ஒரு வாரம் குடிக்க வைத்தது. அந்த ஒருநாள் அல்ல. வழுக்கினால் மறைக்காதீங்க. அன்னைக்கே வீட்டில் சொல்லுங்க, டாக்டரிடம் சொல்லுங்க. அந்த 70 நாள் கற்றுக்கொண்டது எங்கேயும் போகாது. மலைப்படியில் கால் தடுக்கினால், யாரும் அடிவாரத்துக்குத் திரும்பிப் போய் ஆரம்பிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிச்சு, அங்கிருந்தே ஏறுவோம்.

வீட்டில் இப்படி ஒருத்தர் இருந்தால், மாலை கழற்றும் அன்னைக்கு அவரைத் தனியாக விடாதீங்க. கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. 49-வது நாளுக்குத்தான் துணை அதிகம் வேணும்.

மாலை கழுத்தை விட்டு இறங்கலாம். முருகன் இறங்க மாட்டான்.

வேலும் மயிலும் துணை!