நட்டது எத்தனை? நிற்பது எத்தனை?

இமயமலையின் அடிவாரத்தில் டேராடூன் பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று அது உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ளது. அதன் வடக்கே முசூரி மலை. அந்த மலையில் சுண்ணாம்புக்கல் நிறைய உண்டு. பல ஆண்டுகள் மலையை வெடி வைத்து உடைத்துக் கல் எடுத்தார்கள்.

நல்ல கல் லாரியில் போனது. உதவாத கல்லும் மண்ணும் மலைச் சரிவிலேயே கொட்டப்பட்டன. மழைக்காலத்தில் அவை உருண்டு கீழே வந்தன. வயல்களை மூடின. சாலைகளை அடைத்தன. மழை நின்றதும் ஊற்றுகள் வற்றின. தண்ணீருக்காக மக்கள் நெடுந்தூரம் நடந்தார்கள்.

1983-ல் டேராடூனைச் சேர்ந்த மக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக ஏற்றுக்கொண்டது. 1985-ல் பல குவாரிகளை மூட உத்தரவிட்டது. ஒரு கடிதத்துக்கு இருந்த வலிமை இது.

குவாரியை மூடினால் போதுமா?

போதாது. குவாரி நிலத்தில் மேல்மண் இல்லை. இருப்பது கல்லும் கப்பியும்தான். மழை நீர் அதில் தங்காது. அங்கே செடியை நட்டுவிட்டு வந்தால், அடுத்த மழையில் செடியும் மண்ணும் சேர்ந்தே போய்விடும்.

டேராடூனுக்கு அருகே சகஸ்ரதாரா என்ற இடம் உள்ளது. அங்கே 64 ஹெக்டேர், அதாவது சுமார் 160 ஏக்கர் நிலம் இப்படிப் பாழாகிக் கிடந்தது. 1984-ல் மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே வேலை தொடங்கினார்கள்.

முதலில் சரிவை நிறுத்தினார்கள். கம்பி வலைக்குள் கல் அடைத்து, ஓடைகளில் தடுப்புகள் கட்டினார்கள். சரிவின் மேல் சணல் வலை விரித்தார்கள். புல்லும் நொச்சி போன்ற செடிகளும் வைத்தார்கள். மரங்களும் நட்டார்கள்.

வெற்றியை எப்படி அளந்தார்கள்?

எத்தனை கன்று நட்டோம் என்று மட்டும் அவர்கள் எண்ணவில்லை. நிலம் எப்படி மாறுகிறது என்று ஆண்டுதோறும் அளந்தார்கள். சுமார் 10 ஆண்டுகளில் தெரிந்த மாற்றம் இது:

1. பசுமை: முன்பு 100 பங்கு நிலத்தில் 10 பங்கில்தான் செடி கொடி இருந்தது. பிறகு 80 பங்கில் இருந்தது.

2. மண் அரிப்பு: முன்பு ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 550 டன் கல்லும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டன. 10 டன் ஏற்றும் லாரியில் ஏற்றினால் 55 லாரி! பிறகு அது 10 டன்னுக்கும் கீழே வந்தது. இப்போது ஒரு லாரிகூட நிரம்பாது.

3. மழை நீர்: முன்பு 100 குடம் மழை பெய்தால் 57 குடம் ஓடிப் போனது. பிறகு 37 குடம்தான் ஓடியது. மற்றது நிலத்தில் தங்கியது.

4. ஓடை: முன்பு மழைக்காலம் முடிந்தபின் 60 நாள்தான் ஓடையில் நீர் ஓடியது. பிறகு 240 நாள் ஓடியது.

இந்த நான்கும் சேர்ந்ததுதான் வெற்றி. மரம் நிற்க வேண்டும். மண் நிற்க வேண்டும். நீரும் நிற்க வேண்டும்.

நாமும் அளக்கலாம்

குவாரியோ சுரங்கமோ இருந்த ஊர் எதுவானாலும், அங்குள்ள மக்களே இதை அளந்து பார்க்கலாம்.

கன்றுக் கணக்கு: நட்ட கன்று 1000. ஒரு கோடை கழிந்தபின் எண்ணுங்கள். உயிரோடு இருப்பது 400 என்றால், 100-க்கு 40 தான் பிழைத்தது. பதிவேட்டில் 1000 என்றே இருக்கும். நிலத்தில் 400 தான் இருக்கும்.

கயிற்றுக் கணக்கு: 50 மீட்டர் கயிறு எடுங்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சாக 50 முடிச்சு போடுங்கள். கயிற்றைத் தரையில் நேராக விரியுங்கள். எத்தனை முடிச்சின் கீழே புல்லோ செடியோ இருக்கிறது என்று எண்ணுங்கள். அதை 2-ஆல் பெருக்குங்கள். 15 முடிச்சு என்றால், 100-க்கு 30 பங்கு பசுமை. சரிவின் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளப்பது நல்லது. அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில் அளக்க வேண்டும்.

தானாக முளைத்தவை: யாரும் நடாத செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். விதை விழுந்து முளைக்கிறது என்றால், நிலத்துக்கு உயிர் வருகிறது என்று பொருள்.

ஏன் எண்ண வேண்டும்?

வேலை முடிந்தது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் காவல் நின்றுவிடும். இளங்கன்றுகளை ஆடு மாடு மேய்ந்துவிடும். செலவழித்த பணம் போகும். அடுத்த மழையில் கல்லும் மண்ணும் மறுபடி வயலுக்கு வரும்.

2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைச் சுரங்க உரிமத்தில் நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு அது உத்தரவிட்டது. கால்நடைகளுக்குத் தீவனம் கிடைக்கும்படி அந்த நிலம் மாற வேண்டும் என்பது நோக்கம்.

ஆகவே கிராம சபையில் இரண்டு கேள்வி கேளுங்கள். நட்டது எத்தனை? இன்று நிற்பது எத்தனை? பதிலை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

பயிற்சி

1. நட்ட கன்று 500. பிழைத்தது 350. 100-க்கு எத்தனை?
2. 50 முடிச்சில் 35-இன் கீழே பசுமை உள்ளது. 100-க்கு எத்தனை பங்கு?
3. சகஸ்ரதாராவில் ஓடை எத்தனை நாள் கூடுதலாக ஓடியது?

(விடை: 70, 70, 180 நாள்)