மாறாத முகவரி

இடமாற்றல் பெறும் பெற்றோருடன் ஊர்விட்டு ஊர் செல்லும் பிள்ளைகளுக்கு வீட்டு முகவரி நிலையாக இருப்பதில்லை. சில ஆண்டுகள் போபால், பின்னர் குவாகாத்தி, அதன்பின் ஜோத்பூர் எனக் கதவு எண்ணும் தெருவும் மாறிக்கொண்டே இருக்கும். ஆயினும் அவர்களுக்கு மாறாத முகவரி ஒன்று உண்டு. அதுவே மின்னஞ்சல் முகவரி. முன்பு படித்த பள்ளியின் தோழி எழுதும் மடலும், உதவித்தொகை பற்றிய அறிவிப்பும் அங்குதான் வந்து சேரும். அது குப்பையஞ்சல்களால் நிரம்பிவிட்டால், வேண்டிய மடல் கண்ணில் படாமலே போய்விடும்.

குப்பையஞ்சல்

பெறுபவர் கேளாமலே பலருக்கும் ஒருங்கே அனுப்பப்படும் மின்னஞ்சல் குப்பையஞ்சல் எனப்படும். ஆங்கிலத்தில் இதனை 'ஸ்பேம்' என்பர். 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கேரி தூர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். இணையத்தின் முன்னோடியான 'அர்ப்பாநெட்' வலையமைப்பில் சென்ற அம்மடலே முதற் குப்பையஞ்சல் என்பர். பெற்றவர் பலர் சினந்தனர். ஆயினும் அவ்வழக்கம் நிற்கவில்லை. இதற்கு அஞ்சல்தலை தேவையில்லை. பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பத்து இலட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு பெரிதும் வேறுபடாது. இலட்சத்தில் சிலர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு ஆதாயமே.

முகவரி பரவும் வழிகள்

இணையப் பக்கங்களை ஓயாது படிக்கும் கணினி நிரல்கள் உள்ளன. அவை 'அட்' குறி இடம்பெறும் இடங்களைத் தேடி முகவரிகளைத் தொகுத்துக்கொள்ளும். பெயரோடு எண்களைச் சேர்த்து முகவரிகளை ஊகிக்கும் நிரல்களும் உண்டு. இலவசப் பரிசு, இணைய விளையாட்டு ஆகியவற்றின் படிவங்களில் நிரப்பப்படும் முகவரிகள் சில இடங்களில் விற்கப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் தரவு திருடப்படும்போது, அங்குப் பதிந்தோரின் முகவரிகளும் வெளியேறுகின்றன. ஒருமுறை பட்டியலில் சேர்ந்த முகவரியை மீட்க இயலாது. எனவே, வருமுன் காப்பதே அறிவுடைமை.

காக்கும் வழிகள்

1. இரண்டு முகவரிகள் வைத்துக்கொள்ளுதல் நன்று. ஒன்று பள்ளி, தேர்வு, உறவினர் ஆகியவற்றுக்கு மட்டும். மற்றொன்று விளையாட்டு, இணையக் கடை ஆகியவற்றுக்கு.

2. முகவரியைப் பலரும் காணும் பக்கங்களில் எழுதலாகாது. முகவரியில் பிறந்த ஆண்டைச் சேர்த்தலும் ஆகாது. அது வயதைக் காட்டிக்கொடுக்கும்.

3. பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது, அவர்தம் முகவரிகளைப் 'பி.சி.சி.' என்னும் மறைநகல் கட்டத்தில் இடவேண்டும். அப்போது ஒருவர் முகவரியை மற்றவர் காண இயலாது. பிறர் முகவரியைக் காப்பதும் நம் கடமையே.

4. மடலிலுள்ள படங்கள் தாமே திறவாதவாறு அமைத்துவைக்கலாம். மடல் திறக்கப்பட்டதை அனுப்பியவருக்கு அறிவிக்கும் படங்களும் உள்ளன.

வந்தபின் செய்ய வேண்டுவன

அறியாதவரின் குப்பையஞ்சலுக்கு, "இனி அனுப்பாதீர்" என்றுகூட விடை எழுதலாகாது. அம்முகவரியை ஒருவர் பயன்படுத்துகிறார் என்பதற்கு அவ்விடையே சான்றாகிவிடும். அதிலுள்ள இணைப்பையும் கோப்பையும் திறவாமல், 'ஸ்பேம்' எனக் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கக் குறிக்க, வடிகட்டும் நிரல் அத்தகைய மடல்களை இனங்காணக் கற்றுக்கொள்ளும்.

வடிகட்டியும் சிலவேளைகளில் தவறும். நல்ல மடலும் குப்பைப் பெட்டிக்குள் விழுவதுண்டு. ஜிமெயிலில் அப்பெட்டியிலுள்ளவை 30 நாள்களில் தாமே அழிந்துவிடும். ஆதலால் வாரம் ஒருமுறை அதனையும் பார்த்தல் வேண்டும். கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ கேட்கும் மடல் வந்தால், உடனே பெற்றோரிடம் காட்டவேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்துத் தெரிவிக்கலாம். அஞ்சி மறைப்பதே ஏமாற்றுவோருக்கு வலிமை தரும்.

பயிற்சி

அ. பொருள் அறிக: ஒருங்கே – ஒரே நேரத்தில், ஆதாயம் – இலாபம், நிரல் – கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுப்பு.

ஆ. பிரித்து எழுதுக: மின்னஞ்சல், குப்பையஞ்சல், அம்முகவரி.

இ. விடை தருக:
1. குப்பையஞ்சல் அனுப்பும் வழக்கம் நிற்காமைக்குக் காரணம் யாது?
2. குப்பையஞ்சலுக்கு விடை எழுதலாகாது என்பது ஏன்?

ஈ. செய்து பார்க்க: வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்ற நண்பருக்கு, மின்னஞ்சல் முகவரியைக் காக்கும் வழிகளைக் கூறி ஐந்து வரிகளில் மடல் எழுதுக.