உறைபனியில் ஒரு வண்டி வீடு

அன்புள்ள தம்பிக்கு,

படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கியபடி சாலையில் செல்லும் வண்டி வீட்டை அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைப்பர். கோடைப் பயணத்துக்கென்று மெல்லிய சுவர்களுடன் கட்டப்படும் இவ்வண்டியில், ஒரு குடும்பம் குளிர்காலம் முழுவதும் குடியிருக்க நேர்வதும் உண்டு. வடக்கு டகோட்டாவில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எண்ணெய்க் கிணறுகள் பெருகியபோது, வில்லிஸ்டன் நகருக்கு வேலை தேடி வந்த பலர், வாடகை வீடு கிடைக்காமல் இத்தகைய வண்டிகளிலேயே கடுங்குளிரைக் கடந்தனர். அத்தகைய வாழ்வுக்கு முதல் தேவை பெரிய அடுப்பு என்று தோன்றலாம். உண்மையில் அங்கே அறியவேண்டியது நீரின் இயல்பாகும். குழாயில் பனிக்கட்டியாகவும் அறைக்குள் ஆவியாகவும் நின்று தொல்லை தருவது அந்த ஒரே நீர்தான்.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், குழாய்களும் இணைப்புகளும் வெடிக்கின்றன. வண்டியின் அடியில் காற்று தடையின்றிப் புகுந்தோடுவதால் தரையும் தொட்டிகளும் விரைவில் குளிர்கின்றன. ஆகவே தரைக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட வெளியைச் சுற்றிலும் கடினமான நுரைப் பலகையால் அடைக்கின்றனர். இவ்வடைப்புக்கு ஸ்கர்ட்டிங் என்று பெயர். வைக்கோல் கட்டுகளை அடுக்குவதும் வழக்கமே எனினும், அவை தீப்பற்றக்கூடியவை, எலிகளுக்கும் இடம் கொடுப்பவை. வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் குழாய் மீது மின்சாரத்தால் சூடாகும் நாடாவைப் பொருத்தி, அதற்குமேல் நுரை உறை போடவேண்டும். பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டியின் திறப்பை எப்போதும் திறந்தே வைத்தால், சொட்டுச் சொட்டாக வடியும் நீர் வெளிக்குழாயில் அடுக்கடுக்காக உறைந்து அதை அடைத்துவிடும். எனவே அதை மூடிவைத்து, தொட்டி நிறைந்தபின் ஒரே மூச்சில் வெளியேற்றுவதே முறை.

வெப்பமூட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. புரொப்பேன் வாயுவால் இயங்கும் ஃபர்னஸ் என்னும் வெப்ப இயந்திரம், பல வண்டிகளில் அறைக்கு மட்டுமன்றி அடிப்புறத் தொட்டிகளுக்கும் சூடான காற்றை அனுப்புகிறது. வாயுச் செலவைக் குறைக்க மின் ஹீட்டரை மட்டுமே நம்பினால், அறை வெதுவெதுப்பாக இருப்பதால் ஃபர்னஸ் இயங்காது நிற்க, குடும்பத்தார் சுகமாக உறங்கும் அதே இரவில் அவர்களின் காலடியில் குழாய்கள் உறைந்துவிடும். மேலும் 1500 வாட் ஹீட்டர் ஒன்று 120 வோல்ட் மின்சாரத்தில் 12.5 ஆம்பியர் இழுப்பதால், 30 ஆம்பியர் இணைப்பில் இரண்டை ஒருசேர இயக்கினால் பிற கருவிகளுக்கு மிஞ்சுவது சிறிதே.

கண்ணுக்குத் தெரியாமல் சேரும் ஆவி, பனிக்கட்டியைவிட மெதுவாகக் கெடுதல் செய்கிறது. மூச்சு, சமையல், காயும் துணி ஆகியவற்றுடன், சமையல் அடுப்பில் எரியும் புரொப்பேனும் அறைக்குள் நீராவியை உண்டாக்குகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் பிறக்கும். இந்த ஈரக்காற்று குளிர்ந்த இடத்தைத் தொட்டவுடன் துளிகளாகப் படிகிறது. வெளிச்சுவரை ஒட்டிக் கிடக்கும் குழந்தையின் மெத்தையை ஒரு காலையில் மூலையில் தூக்கிப் பார்த்தால், மேற்புறம் காய்ந்திருக்க, அடித்துணி மட்டும் ஈரத்தில் சில்லிட்டு, பூஞ்சையின் கரும்புள்ளிகள் தோன்றியிருப்பதைக் காணலாம். மெத்தையின் கீழ் மரச்சட்டங்களை இட்டுக் காற்றுக்கு வழிவிடுவதும், கூரைத் திறப்பைச் சிறிது திறந்து வைப்பதும், ஈரப்பதமானியில் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் அளவைக் காப்பதும் இதற்கு மருந்தாகும். குளிர் புகுமென்று எல்லாத் துளையையும் அடைத்துவிடுவது பெருந்தவறு.

அத்தவறு உயிருக்கும் ஆபத்தானது. எரிபொருள் முழுமையாக எரியாதபோது எழும் கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. ஆகையால் அதை அறிவிக்கும் கருவி கட்டாயம் இயங்கவேண்டும், சமையல் அடுப்பை அறை சூடேற்றப் பயன்படுத்தலாகாது, ஃபர்னஸின் புகைவாயைப் பனி மூடாமல் நாள்தோறும் காக்கவேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால், அதன் கசிவை உணரும் கருவி தரையை ஒட்டியே பொருத்தப்படுகிறது. ஆபத்தின்போது வெளியேறுவதற்கென உள்ள ஆபத்துக்காலச் சன்னலும், விளிம்பில் பனி இறுகியிருந்தால் திறக்காது.

இப்பணிகளுள் பல சிறுவர் கைக்கு எட்டுபவை. மாலைதோறும் ஈரப்பதமானியைப் படித்துக் குறித்துவைப்பதும், மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்ப்பதும், ஆபத்துக்காலச் சன்னலை ஒருமுறை திறந்து மூடுவதும் பத்து நிமிட வேலையே. அந்தப் பத்து நிமிடத்தை ஒரு பிள்ளை தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட வண்டியில், இரவில் அனைவரும் நிம்மதியாக உறங்கலாம்.

அன்புடன்,
அண்ணன்