வாடைக் காலத்தில் வேட்டை நாய்க்குட்டி

கொல்லைக் காவலுக்கு நாய் வளர்ப்பது செங்கல்பட்டு வட்டாரத்தில் பழைய வழக்கம். முன்பெல்லாம் ஊரிலேயே கிடைக்கும் நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பார்கள். இப்போது இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற வேட்டை இனக் குட்டிகளைத் தென் மாவட்டங்களிலிருந்து விலை கொடுத்து வாங்கி வருவோரும் உண்டு. வேர்க்கடலை விதைப்பதற்கும் தர்பூசணிக்குக் குழி எடுப்பதற்கும் முன்பே காவல் தயாராக இருக்கட்டும் என்று ஐப்பசி, கார்த்திகையில் குட்டியை வாங்கி, பம்பு செட் அறை ஓரத்தில் கட்டிவிடுகின்றனர். பொங்கலுக்குள் குட்டி இளைத்து, மூக்கு ஒழுகி, சில சமயம் இறந்தும் போகிறது. "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த குட்டிக்குப் பணம் தேடுகிறார்கள்.

உண்மையில் இங்கே குளிர் அவ்வளவு கடுமையானதல்ல. மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குட்டியைக் கெடுப்பது ஈரமும் வாடைக்காற்றும்தான். காய்ந்த ரோமத்தினிடையே தங்கும் காற்று உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கும். ரோமம் நனைந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். ஈரம் உலரும்போது உடல் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். மேலே காற்றும் வீசினால் இந்த இழப்பு பல மடங்காகும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோர ஊர்களில் காற்று அதிகம். ஏரிப் பாசனக் கழனிப் பக்கத்தில் தரை ஈரம் அதிகம். இரண்டில் ஒன்று எங்கும் உண்டு.

வேட்டை இனங்களின் உடலமைப்பையும் கவனிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் வானம் பார்த்த கரிசல் சீமையின் நாய்கள். ஓடுவதற்கென்றே அமைந்த ஒல்லி உடல், ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், மிகக் குட்டையான ரோமம். தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராஜபாளையம் நாய் உடல் கட்டில் சற்றுப் பெரியது. ஆனால் அதற்கும் ரோமம் குட்டைதான். குளிர் நாடுகளில் இதே மாதிரி உடலமைப்புள்ள கிரேஹவுண்ட் நாய்களுக்குக் குளிர்காலத்தில் சட்டை போட்டுத்தான் வெளியே அழைத்துப் போகிறார்கள். எனவே, 'வேட்டை நாய் எதையும் தாங்கும்' என்று எண்ணி மழையில் விடுவது தவறு. நாட்டுக்குட்டி தாங்குவதை இது தாங்காது.

வாங்கும் பருவம்

குட்டியை ஐப்பசியில் வாங்குவதே முதல் சிக்கல். நான்கு மாதக் குட்டி எந்தப் பன்றியையும் விரட்டாது. நாய் காவலுக்குப் பயன்பட ஏறத்தாழ ஒரு வயதாக வேண்டும். ஆகவே இந்த ஆண்டு வெள்ளாமைக்கு என்று அவசரப்பட்டு மழைக்காலத்தில் வாங்குவதில் லாபமில்லை. மாசி மாதத்தில் இரண்டு மாதக் குட்டியாக வாங்கினால், அடுத்த ஐப்பசி மழை தொடங்கும்போது அதற்குப் பத்து மாதமாகியிருக்கும். தடுப்பூசிகளும் முடிந்திருக்கும்.

இரண்டு மாதம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வெள்ளை இராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதால், குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. காவல் நாய்க்குக் காதுதானே முக்கியம்! இன்னொன்று: பெயர் வேட்டை நாய் என்றாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல், மான், பன்றி ஆகியவற்றை வேட்டையாடுவது குற்றம். குரைத்து எச்சரிப்பதற்கே நாயைப் பழக்க வேண்டும்.

கூண்டு அமைத்தல்

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மழைச் சாரலும் வாடையும் வடக்கு, கிழக்குத் திசைகளிலிருந்து வரும். ஆகவே கூண்டின் வாயில் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். மார்கழி, தையில் சூரியனும் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்கு வாயிலில் பகல் முழுவதும் வெயில் விழும். படுக்கையும் உலரும். மற்ற மூன்று பக்கமும் இடைவெளியின்றி அடைத்திருக்க வேண்டும். கூரை பின்பக்கம், அதாவது வடக்கே சரிய வேண்டும். தகரக் கூரையானால் இரவில் உட்புறம் வியர்த்துச் சொட்டும். அதன் கீழே ஓலை வைத்துக் கட்டுவது நல்லது. நெருக்கமாக வேய்ந்த பனை ஓலைக் கூரையே போதும், செலவும் குறைவு.

தரையே மிக முக்கியம். வெறும் மண்ணிலோ சிமெண்டுத் தரையிலோ படுக்கும் குட்டியின் வயிற்றுப் பக்கம் இரவு முழுவதும் சில்லிடும். வயிற்றில் ரோமம் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நான்கு மூலைக்கும் செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகையோ பனஞ்சட்டமோ பரப்பித் தரையை அரையடி உயர்த்த வேண்டும். ஏரிக்கரை, கழனி ஓரமானால் ஓரடி உயர்த்துவது நல்லது. சட்ட இடுக்கு வழியே காற்று ஏறாதபடி மேலே சாக்கு விரிக்க வேண்டும்.

வளர்ந்த இராஜபாளையம் நாய்க்கு 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரமுள்ள கூண்டு தேவைப்படும். ஆனால் அத்தனை பெரிய கூண்டில் சிறு குட்டியை விட்டால் அதன் உடல் சூடு உள்ளே நிற்காது. பாதியைப் பலகையால் தடுத்து, குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட வேண்டும். குட்டி வளர வளரப் பலகையைத் தள்ளிக்கொண்டே போகலாம். வாயிலில் ஒரு சாக்குத் திரை போதும்.

படுக்கைக்குக் காய்ந்த வைக்கோல் சிறந்தது. சணல் கோணியில் வைக்கோலை அடைத்து மெத்தை போலப் போடலாம். தினமும் தொட்டுப் பார்த்து, ஈரமானால் அன்றே மாற்ற வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் மூச்சுக் கோளாறு உண்டாக்கும். யூரியா, பூச்சிமருந்து வந்த பிளாஸ்டிக் பைகளைப் படுக்கையாகப் போடக் கூடாது. அவை ஈரத்தை உறிஞ்சாது. குட்டி கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நனையும் இடத்தில் சங்கிலியால் கட்டிப்போடுவது எல்லாவற்றிலும் கொடுமை. சங்கிலி சுற்றிக்கொண்டால் கூண்டு பக்கத்திலேயே இருந்தாலும் குட்டி உள்ளே போக முடியாது.

முதல் இரவுகள்

தாயிடம் இருந்தவரை குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்துச் சூடு காத்துக்கொண்டன. தனிக்குட்டிக்கு அது இல்லை. எனவே வந்த முதல் இரண்டு வாரம் வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையின் உள்மூலையிலோ, மாடு மிதிக்காத இடத்தில் அட்டைப் பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். ஒரு பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பி இறுக மூடி, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் குட்டி அதை ஒட்டிக்கொண்டு தூங்கும். அடுப்போரம் சூடாக்கிய செங்கல்லைச் சாக்கில் சுற்றி வைத்தாலும் சரி. கையில் பிடித்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. கோழிக்குஞ்சுக்குப் பல்பு தொங்கவிட்ட பழக்கத்தில் சிலர் நாய்க்குட்டிக்கும் பல்பு போடுகின்றனர். இன்றைய எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. வயரைக் குட்டி கடிக்கும் ஆபத்தும் உண்டு. அடைத்த அறையில் கரிச்சட்டி வைப்பது கூடவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுப் புகை குட்டியையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.

வீட்டிலேயே நாய் குட்டி போட்டால் இன்னும் கவனம் வேண்டும். பிறந்த இரண்டு வாரம் வரை குட்டிகளால் தம் உடல் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. முதல் சில நாட்கள் அவற்றுக்கு நடுங்கக்கூடத் தெரியாது.

தீவனம்

சூடு உண்டாவது சாப்பாட்டிலிருந்துதான். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும் கொடுக்க வேண்டும். கடைசி வேளையை இரவு படுக்கப் போகும் முன் கொடுப்பது நல்லது. விடியற்காலையில் குளிர்ந்த பழையது ஊற்றுவதை இந்த மாதங்களில் நிறுத்தி, வெதுவெதுப்பான கேழ்வரகுக் கூழோ சோறோ கொடுக்கலாம். ஆனால் கூழும் சோறும் மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. அவித்த முட்டையோ கறியோ சேர வேண்டும். கடலோரத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, நெத்திலியை வேகவைத்து, பெரிய முள் நீக்கிக் கொடுக்கலாம். உப்புக் கருவாடு வேண்டாம்.

குளிர் தாக்கினால்

குட்டி சுருண்டு படுத்து நடுங்கினால், காதும் பாதமும் சில்லிட்டிருந்தால், உடனே உள்ளே எடுத்துவந்து பருத்தித் துணியால் தோல் வரை உலரும்படி துவட்ட வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 99-க்குக் கீழே இறங்கினால் குளிர் தாக்கிவிட்டது என்று பொருள். நடுங்கிக்கொண்டிருந்த குட்டி நடுக்கம் நின்று சோர்ந்து கிடந்தால் அது குணமானதற்கு அடையாளமல்ல. நிலைமை மோசமாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். கம்பளியில் சுற்றி, மாரோடு அணைத்து மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் பாலோ பிராந்தியோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக விழுங்கத் தொடங்கிய பின் வெல்லத் தண்ணீர் கொஞ்சம் நக்கக் கொடுக்கலாம்.

வாந்தி, இரத்தம் கலந்த நாற்றமுள்ள கழிச்சல் கண்டால் அது குளிரினால் வந்ததல்ல. பார்வோ என்னும் நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும். ஒரு நாள் தாமதித்தாலும் குட்டி தப்பாது. குளிர் மேல் பழி போட்டுக் கைவைத்தியம் பார்த்து இப்படிச் சாகவிடும் குட்டிகள்தான் வருத்தத்துக்குரியவை. ஆறு முதல் எட்டு வார வயதில் கூட்டுத் தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை திரும்பப் போட வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த மழைநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் இதில் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுப் போடுவது நல்லது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். குடற்புழு நிறைந்த குட்டிக்கு என்ன ஊட்டினாலும் உடலில் ஒட்டாது. மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் புழு மருந்து கொடுக்க வேண்டும்.

உண்ணிக்கும் சொறிக்கும் மண்ணெண்ணெய், கழிவு ஆயில் தடவுவதும், மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மீதியைக் குட்டிக்குப் போடுவதும் உயிரைப் பறிக்கும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை பெறலாம்.

புயல் நாட்களில்

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. எச்சரிக்கை வந்தவுடன் கொல்லையில் உள்ள நாயை, அது எத்தனை பெரியதானாலும், வீட்டுக்கோ கெட்டிக் கட்டடத்துக்கோ கொண்டுவந்துவிட வேண்டும். முடியாவிட்டால் சங்கிலியையாவது அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய நாய் வெள்ளத்தில் தப்ப வழியில்லை. மழை விட்டபின் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது. வெறுமையாக இருந்த கூண்டுக்குள் பாம்போ தேளோ ஒண்டியிருக்கலாம். நீண்ட கோலால் தட்டிப் பார்த்து, பழைய வைக்கோலை எரித்து, பலகையை வெயிலில் காயவைத்துப் புதிய படுக்கை போட்ட பிறகே குட்டியை உள்ளே விட வேண்டும்.